ரஃப் கட் ரெடி, யாருக்குப் போட்டுக் காட்டுவது?

எங்கள் இரண்டாவது குறும்படத்துக்கு ஆன செலவு 26,400 ரூபாய். கேமராவுக்கும் லென்ஸுக்கும் இரண்டு நாள் வாடகை 7,000. லைட் 3,000. சாப்பாடு, டீ, தண்ணீர் கேன் எல்லாம் சேர்த்து 5,600. நடித்தவர்களுக்குப் பஸ் செலவோடு ஒரு சிறு தொகை 6,000. டப்பிங் 2,400. மீதி ஹார்டு டிஸ்க்குக்கும் கதைக்கு வேண்டிய துணிமணிகளுக்கும் போனது. இவ்வளவும் முடிந்தபோது கம்ப்யூட்டரில் 16 நிமிடம் 20 விநாடிக்கு ஒரு ரஃப் கட், அதாவது இன்னும் திருத்த வேண்டிய முதல் எடிட், இருந்தது. கையில் 2,000 ரூபாயும் மூன்று வாரமும் மிச்சம். இந்த இரண்டையும் யாரிடம் கொண்டுபோய்ச் செலவழித்தால் படம் தேறும் என்பதுதான் அப்போது எங்கள் முன்னால் இருந்த கேள்வி. இதே இடத்தில் நிற்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால், நாங்கள் முயன்ற வழிகளையும் யோசித்துவிட்டு ஒதுக்கிய வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

கதையைச் சொல்லிவிட்டால் மற்றது எளிதாகப் புரியும். மதுரையில் ஒரு வயதான தையல்காரர். ஓர் அம்மா சட்டைத் துணியோடு வந்து, மகனுக்குச் சட்டை தைக்க வேண்டும் என்கிறார். அளவு கேட்டால், "போன தீபாவளிக்கு எடுத்த அளவுதான்" என்கிறார். தையல்காரர் பழைய அளவு நோட்டைப் புரட்டிப் பெயரைத் தேடுகிறார். அந்த மகன் இறந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. அது அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் தைக்கிறார். கதை அவ்வளவுதான்.

முதல் படத்தில் நாங்கள் யாரிடமும் காட்டாமல் நேராக யூடியூபில் ஏற்றிவிட்டோம். அதில் வந்த கருத்துகளில் சில மிகச் சரியானவை. ஆனால் அவை வந்தபோது எதையும் திருத்த வழியில்லை. யூடியூபில் ஏற்றிய வீடியோவை அதே லிங்கில் வேறொரு வீடியோவாக மாற்ற முடியாது. உள்ளேயே கொஞ்சம் வெட்டலாம், அவ்வளவுதான். புதிதாக ஏற்றினால் பார்த்தவர்கள் எண்ணிக்கை, கருத்துகள், பகிர்ந்த லிங்க் எல்லாம் போய்விடும். அதனால் இந்த முறை ஒன்றைத் தீர்மானித்தோம். எடிட் திறந்திருக்கும்போதே கேட்பது. இனி மாற்றமில்லை என்று எடிட்டை லாக் செய்தபிறகு வரும் நல்ல கருத்து அடுத்த படத்துக்கு உதவும், இந்தப் படத்துக்கு உதவாது.

இன்னொன்றும் புரிந்தது. கதை தெரியாத ஒருவர் உங்கள் படத்தை முதல் தடவை பார்ப்பது ஒரே ஒரு முறைதான் நடக்கும். இரண்டாம் தடவை பார்க்கும்போது அவருக்கு எல்லாம் தெரியும். அப்படிப்பட்ட ஆட்கள் நம் கைக்கெட்டும் தூரத்தில் பத்துப் பதினைந்து பேர்தான் இருப்பார்கள். படத்துக்குச் செலவான பணத்தைக்கூட ஓவர்டைம் பார்த்துத் திரும்பச் சேர்த்துவிடலாம். இந்த முதல் பார்வைகளைத் திரும்பப் பெற வழியே கிடையாது. ஒவ்வொரு வழியையும் நான் இந்தக் கணக்கில்தான் எடைபோட்டேன்.

வீடு, நண்பர்கள், வாட்ஸ்அப்

எல்லோரும் முதலில் போவது இங்கேதான். செலவில்லை, நேரமும் ஆகாது. அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "நல்லாத்தான்டா இருக்கு. ஆமா, அந்தப் பெரியவரு வெயில்ல எவ்வளவு நேரம் உக்காந்திருந்தாரு? சாப்பாடு குடுத்தீங்களா?" என்றார். அம்மா படத்தைப் பார்க்கவில்லை, படம் எடுத்த மகனைப் பார்த்தார். அதில் அவர் மேல் தப்பே இல்லை. நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் யூடியூபின் அன்லிஸ்டட் லிங்க் (லிங்க் இருப்பவர்கள் மட்டும் பார்க்கலாம்) போட்டேன். குழுவில் பதினோரு பேர். சிறிது நேரத்தில் ஏழு பேர் கைதட்டலும் நெருப்பும் போட்டுவிட்டார்கள். யூடியூபில் பார்த்தால் மூன்று பார்வைதான் ஏறியிருந்தது.

நம்மிடம் பாசம் உள்ளவர்களிடம் விமர்சனம் கேட்பது அவர்களைச் சங்கடப்படுத்துவது என்று இப்போது நினைக்கிறேன். நாம் நான்கு மாதம் அலைந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் அவர்கள். "இழுக்குதுடா" என்று சொல்ல அவர்களுக்கு எப்படி மனசு வரும்? அவர்களுக்கு முடிந்த படத்தைக் காட்டுங்கள், அந்தச் சந்தோஷம் அவர்களுக்கு உரியது. ரஃப் கட் வேண்டாம்.

வீடியோ கோப்பை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்புவதிலும் ஒரு சிக்கல். வீடியோவாக அனுப்பினால் அது தரத்தைக் குறைத்துச் சுருக்கிவிடும். இருட்டில் எடுத்த காட்சிகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். பிறகு வரும் "லைட்டிங் சரியில்ல" என்ற கருத்து உங்கள் கேமராமேனைப் பற்றியதா, வாட்ஸ்அப்பைப் பற்றியதா என்று உங்களுக்கே தெரியாது.

படக்குழு

கேமராமேனுக்கு ஃபோகஸ் போன இடம் தெரியும். சவுண்டு பார்த்தவருக்கு ஃபேன் இரைச்சல் கேட்கும். இந்த இரண்டுக்கும் குழுவை விட்டால் ஆள் கிடையாது. ஒரு மாலை உட்கார்ந்து குறைகளைப் பட்டியல் போட்டுவிடலாம். ஆனால் கதை புரிகிறதா என்று இவர்களிடம் கேட்கக் கூடாது. எல்லோரும் ஸ்கிரிப்ட் படித்தவர்கள். திரையில் இல்லாததையும் அவர்கள் மனசு தானாக நிரப்பிக்கொள்ளும். வைகைக் கரையில் காலை நான்கு மணிக்கு எழுந்துபோய் எடுத்த ஒரு ஷாட் எங்கள் படத்தில் இருந்தது. பனி, கொக்கு, தூரத்தில் பாலம். அதைத் தூக்கலாம் என்று குழுவில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று விடியலில் குளிரில் நின்றது எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

தெரியாத ஆறு பேர், ஒரு அறை

எனக்கு மிக அதிகம் கற்றுக்கொடுத்தது இந்த வழிதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மதுரை செல்லூரில் தெரிந்தவர் ஒருவர் மாடியில் டியூஷன் நடத்துகிறார். ஞாயிறு மதியம் அறை காலியாக இருக்கும். புரொஜெக்டர் வாடகை 800. டீயும் வடையும் 260. ஜன்னலுக்குப் போர்வை கட்டினோம். வந்தவர்கள் ஆறு பேர்: தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், டியூஷனில் கணக்கு எடுக்கும் டீச்சர், கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள், மொபைல் கடையில் வேலை செய்யும் பையன், ஒரு ஆட்டோ அண்ணன். இவர்களில் யாரும் என் நண்பர்கள் இல்லை. நண்பர்கள் வழியாக வந்தவர்கள். சினிமா எடுப்பவர்களும் இல்லை. இந்த இரண்டு நிபந்தனைகளையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கூப்பிடும் முன்பு ஒரு வேலை இருக்கிறது. சவுண்டை ஓரளவாவது சமன் செய்துவிட வேண்டும். ரஃப் கட்டில் கலர் ஒட்டாமல் இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் ஒரு இடத்தில் கத்தியும் ஒரு இடத்தில் முணுமுணுத்தும் கேட்டால், அவர்களால் அதைச் சவுண்டு குறை என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. "ஏதோ ஒட்டல" என்பார்கள். நாம் போய்க் கதையைத் திருத்திக்கொண்டிருப்போம். வசனத்தின் அளவைச் சமமாக்கி, பின்னால் கடையின் சத்தம் ஒன்றைத் தொடர்ச்சியாக ஓடவிட ஒரு மாலை போதும்.

நான் திரையைப் பார்க்கவில்லை. ஓரமாக, அவர்கள் முகம் தெரியும்படி உட்கார்ந்தேன். கையில் நோட்டு, எதிரே நிமிடக் கணக்கு. எந்த இடத்தில் யார் அசைந்தார்கள் என்பதை மட்டும் குறித்தேன். வைகை ஷாட்டில் மொபைல் கடைப் பையன் போனை எடுத்தான். கணக்கு டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழாவது நிமிடம், தையல்காரர் சட்டைக் காலரைத் திருப்பித் தைக்கும்போது, அறையில் ஒரு சத்தமும் இல்லை. பதிமூன்றாவது நிமிடத்திலிருந்து நாற்காலிகள் முனகிக்கொண்டே இருந்தன. மனிதர்கள் வாயால் சொல்வதில் மரியாதை கலந்திருக்கும். படம் ஓடும்போது உடம்பு அந்த மரியாதையைப் பார்ப்பதில்லை. லிங்க் அனுப்பிக் கருத்துக் கேட்கும் எந்த வழியிலும் இது கிடைக்காது.

முடிந்ததும் யாரையும் பேசவிடவில்லை. ஆளுக்கு ஒரு தாளும் பேனாவும் கொடுத்தோம். மூன்று கேள்விகள்தான். வீட்டுக்குப் போய் இந்தக் கதையைச் சொல்வதென்றால் எப்படிச் சொல்வீர்கள்? எந்த இடத்தில் யார், என்ன என்று குழம்பியது? எந்த இடத்தில் மனசு வேறு எங்காவது போனது? படம் பிடித்ததா என்று கேட்கவே இல்லை. பிடித்தது என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அவர் குறை சொல்ல மாட்டார். முதலில் எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஒருவர் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் அவர் பின்னால் போய்விடுவார்கள். எங்கள் அறையில் பெரியவர் முதலில் பேசியிருந்தால் கல்லூரிப் பெண்கள் நிச்சயம் மாற்றிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தாள்களை வாங்கிப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. ஆறு பேரில் நான்கு பேர் அந்த அம்மாவைத் தையல்காரரின் மனைவி என்று எழுதியிருந்தார்கள். ஒரு பெண், "பிரிந்துபோன மகன் திரும்பி வருவான் என்று பெற்றோர் காத்திருக்கும் கதை" என்று எழுதியிருந்தாள். மகன் இறந்துவிட்டான் என்று புரிந்துகொண்டவர் ஆட்டோ அண்ணன் ஒருவர் மட்டும்தான். ஸ்கிரிப்டில் இருந்தது, எங்கள் மனசில் இருந்தது, திரையில் இல்லை. ஆறு பேரும் ஒன்றை மட்டும் பொதுவாக எழுதியிருந்தார்கள்: கடைசிப் பகுதி இழுக்கிறது.

அந்த நேரத்தில் வாயைத் திறந்து, "இல்லீங்க, அவங்க மனைவி இல்ல, அந்தப் பையன் வந்து..." என்று விளக்கத் தோன்றும். விளக்கவே கூடாது. விளக்கினால், "ஓ, அப்படியா, அப்ப சரிதான்" என்பார்கள். அந்தச் சரி நம் வசனத்துக்குக் கிடைத்தது, படத்துக்குக் கிடைத்ததில்லை. படத்தோடு கூடவே ஒவ்வொரு ஊராகப் போய் நாம் விளக்க முடியாது.

கடைசிப் பகுதி இழுக்கிறது என்றால் கடைசியை வெட்டுவதுதானே என்று தோன்றியது. இங்கேதான் அமெரிக்க எடிட்டர் வால்டர் மர்ச் சொன்ன ஓர் ஒப்புமை கைகொடுத்தது. முழங்கை வலிக்கிறது என்று மருத்துவரிடம் போனால், கோளாறு தோளில் நசுங்கிய நரம்பில் இருக்கலாம். பார்வையாளர்கள் வலிக்கிற இடத்தைத்தான் காட்டுவார்கள், காரணம் வேறெங்காவது இருக்கும் என்கிறார் அவர். எங்கள் படத்தின் நரம்பு இரண்டாவது நிமிடத்தில் இருந்தது. தையல்காரர் அளவு நோட்டில் பையனின் பெயரைப் பார்த்து விரலை நிறுத்தும் ஷாட் ஒன்றரை விநாடிதான் ஓடியது. பெயரைப் படித்து முடிப்பதற்குள் போய்விட்டது. அதைத் தவறவிட்டவர்களுக்குப் பத்து நிமிடம் கழித்து வரும் அமைதியில் பார்க்க ஒன்றுமே இல்லை. அவர்களுக்கு அது வெறும் இழுவை.

அந்த ஷாட்டை நான்கு விநாடி ஆக்கினோம். பக்கத்துக் கடைக்காரர் குரலில், டப்பிங்கில், ஒரே ஒரு வரி சேர்த்தோம்: "பாவம், அந்தம்மா இன்னும் நம்பல போல." அந்தக் கடைக்காரர் முகம் திரையில் வராது என்பதால் புதிதாக ஷூட் செய்ய வேண்டியிருக்கவில்லை. வைகை ஷாட்டைத் தூக்கினோம். கடைசிப் பகுதியில் ஒரு ஃப்ரேமைக்கூடத் தொடவில்லை.

மூன்று நாள் கழித்து ஆறு பேருக்கும் போன் போட்டேன். இப்போது எந்தக் காட்சி ஞாபகம் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். ஐந்து பேர் காலர் தைக்கும் காட்சியைச் சொன்னார்கள். போஸ்டருக்கு எந்தப் படத்தை எடுப்பது என்ற கேள்விக்கும் அதில் பதில் கிடைத்துவிட்டது.

அனுபவம் உள்ள ஒருவர்

ஆறு பேர் வலியைச் சொன்னார்கள். மருந்து சொல்ல ஒருவர் வேண்டும். அதற்கு நான் இயக்குநரைத் தேட மாட்டேன், எடிட்டரைத் தேடுவேன். பெரிய இயக்குநரின் உதவியாளர் யாராவது கிடைத்தால் நாம் குளிர்ந்துபோவோம். ஆனால் இயக்குகிறவர்கள் பெரும்பாலும், "நானா இருந்தா இப்படி எடுத்திருப்பேன்" என்று வேறொரு படத்தைச் சொல்வார்கள். அந்தப் படத்தை எடுக்க நம்மிடம் பணம் கிடையாது. எடிட்டர் இருக்கிற துண்டுகளை வைத்துக்கொண்டு யோசித்துப் பழகியவர்.

கல்யாண வீடியோ எடிட் செய்யும் அண்ணன் ஒருவரிடம் போனேன். முன்பு சென்னையில் சினிமா எடிட்டிங்கில் உதவியாளராக இருந்தவர். இரண்டு மணி நேரத்துக்கு 600 ரூபாய் கொடுத்தேன். வேண்டாம் என்றவரிடம் வற்புறுத்தித்தான் கொடுத்தேன். இலவசமாகக் கேட்டால் அவருக்கு நேரம் கிடைக்கும்போதுதான் பார்ப்பார். காசு கொடுத்தால் உட்கார்ந்து பார்ப்பார். முதல் தடவை சத்தத்தை முழுதாக அணைத்துவிட்டுப் பார்த்தார். "தம்பி, வசனம் முடிஞ்சப்புறம் ஏன் அந்த மூஞ்சிலயே நிக்கிறீங்க? அடுத்த ஆளு கேட்டு முடிச்சிட்டாரு பாருங்க" என்றார். அப்படி நின்ற இடங்கள் பதினெட்டு. ஒவ்வொன்றிலும் அரை விநாடி, ஒரு விநாடி. ஒரு காட்சியையும் தூக்காமல் படம் தானாகச் சுறுசுறுப்பானது.

ஆள் வெளியூரில் இருந்தால் ஃபிரேம்.ஐஓ போன்ற தளத்தில் ஏற்றி அனுப்பலாம். வீடியோவில் எந்த விநாடியில் என்ன என்று அவரால் அங்கேயே குறிப்பு எழுத முடியும். சின்னப் படத்துக்கு இலவசக் கணக்கே போதும். "நடுவுல கொஞ்சம் லேக்" என்று போனில் சொல்வதற்கும் "5:12-லிருந்து 5:40 வரை" என்று எழுதுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

பணம் வாங்கிக்கொண்டு இணையம் வழியாகப் படத்தை மதிப்பிட்டுத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் படத்துக்கு ஒருவரிடம் 1,500 ரூபாய் கட்டினேன். ஒரு பக்கக் கடிதம் வந்தது. கதாபாத்திரங்களை இன்னும் ஆழப்படுத்தலாம், ஒளிப்பதிவு பாராட்டத்தக்கது, இசை கதைக்கு உறுதுணை. எந்தப் படத்துக்கும் அப்படியே பொருந்தும் வரிகள். கட்டுவதற்கு முன் அவர் வேறொரு படத்துக்கு எழுதிய குறிப்பு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அதில் நிமிடக் கணக்கு ஒன்றுகூட இல்லையென்றால் வேண்டாம்.

திரைப்பட இயக்கங்களும் கலந்துரையாடல்களும்

சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களோடு 1947-இல் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். படம் பார்த்தபின் உட்கார்ந்து பேசும் அந்தப் பழக்கம் நம் ஊர்களிலும் உயிரோடு இருக்கிறது. கோவையில் கோணங்கள் ஃபிலிம் சொசைட்டி, சென்னையில் தமிழ் ஸ்டுடியோ, பல ஊர்களில் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் (தமுஎகச) கிளைகள் எனக் குறும்படங்களையும் மாற்றுப் படங்களையும் திரையிட்டுப் பேசியவர்கள் உண்டு. மதுரைக்காரனாக எனக்கு நெருக்கமானது, ஆவணப்பட இயக்குநர் அமுதன் ஆர்.பி.யின் மறுபக்கம் அமைப்பு 1998 முதல் நடத்திவரும் ஆவணப்பட, குறும்பட விழா. நுழைவுக் கட்டணம் இல்லாமல் உட்கார்ந்து பார்க்கலாம், எடுத்தவரிடம் நேராகக் கேட்கலாம்.

இப்படிப்பட்ட இடங்களில் உங்கள் படத்துக்குக் கிடைக்கும் கருத்தைவிட, அடுத்தவர் படத்துக்கு மற்றவர்கள் சொல்வதைக் கேட்பதில்தான் லாபம் அதிகம் என்பேன். நம் படத்தைச் சொன்னால் நெஞ்சு படபடக்கும், பாதி காதில் விழாது. அடுத்தவர் படமென்றால் நிதானமாகக் கேட்போம், நம் படத்தில் அதே குறை இருப்பது அப்போதுதான் உறைக்கும். கலைஞர் தொலைக்காட்சியில் 2009-இல் தொடங்கிய நாளைய இயக்குநர் நிகழ்ச்சி ஒரு தலைமுறைக்கு இதைத்தான் செய்தது. கார்ட்டூனிஸ்ட் மதனும் இயக்குநர் பிரதாப் போத்தனும் நடுவர்களாக உட்கார்ந்து முகத்துக்கு நேராகக் குறை சொன்னதை, போட்டியில் இல்லாதவர்களும் வீட்டில் இருந்து கேட்டார்கள். கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் எல்லோரும் அந்த மேடையைத் தாண்டி வந்தவர்கள். அங்கே படம் முடிந்த பிறகுதான் விமர்சனம் வந்தது என்றாலும், போட்டியில் இருப்பவர் அடுத்த சுற்றுக்கு இன்னொரு படம் எடுத்தாக வேண்டும். கேட்டதை உடனே போட்டுப் பார்க்க ஒரு படம் காத்திருந்தது. நமக்கு அடுத்த படம் எப்போது என்பது அடுத்த 26,000 ரூபாய் எப்போது சேரும் என்பதைப் பொறுத்தது.

ஆகவே ரஃப் கட்டைத் திரையிட இந்த இடங்களை நான் தேர்ந்தெடுக்கவில்லை. ஐம்பது பேர் கூடும் அவையில் எடுத்துக் கூறும் திறமை உள்ளவர்களின் குரல்தான் மேலே வரும். படத்தின் அரசியல், நிலம், குறியீடு என்று பேச்சு விரியும். அது தேவையான பேச்சு, நான் விரும்பிக் கேட்கும் பேச்சு. ஆனால் அந்த அம்மா யாரென்று தனக்குப் புரியவில்லை என்பதை அப்படிப்பட்ட அவையில் எழுந்து நின்று சொல்ல யாருக்கும் கூச்சமாக இருக்கும். இன்னொன்று, ஐம்பது முதல் பார்வைகள் ஒரே மாலையில் தீர்ந்துபோகும். முடிந்த படத்தோடு போங்கள், கட்டாயம் போங்கள்.

யூடியூபில் பொதுவில் விடுவது

கருத்துப் பெட்டியை மறந்துவிடலாம். "சூப்பர் ப்ரோ", "நம்ம சேனலும் பாருங்க" என்பதைத் தாண்டி வருவது அபூர்வம். யூடியூபில் மதிப்புள்ள பகுதி, எந்த நிமிடத்தில் எத்தனை பேர் விலகினார்கள் என்று காட்டும் கோடு. யூடியூப் ஸ்டுடியோ பக்கத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். எங்கள் முதல் படத்தில் டைட்டில் கார்டுகள் ஓடிய 50 விநாடியிலேயே கோடு சரிந்திருந்தது. தயாரிப்பு, வழங்கும், நன்றி என்று பெயர்களாகப் போட்டிருந்தோம். இரண்டாவது படத்தில் எல்லாப் பெயரையும் கடைசிக்குக் கொண்டுபோய்விட்டோம்.

ஆனால் அந்தக் கோடு, விலகினார்கள் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. பஸ் வந்துவிட்டதால் விலகினாரா, கதை பிடிக்காமலா? பார்த்தவர்கள் எண்ணிக்கை குறைவாக இருந்தால் கோட்டை நம்பவும் முடியாது. பொதுவில் விட்ட படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். விழாவுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் யூடியூப் கடைசிப் படி.

விழாக்கள்

விழாவுக்கு அனுப்புவதைக் கருத்துக் கேட்பதாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கேரள மாநில சலச்சித்திர அகாதமி திருவனந்தபுரத்தில் நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழா, மும்பையில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் சர்வதேச விழா, பிரான்சின் கிளெர்மோன் ஃபெரான் குறும்பட விழா என எதுவானாலும் அவர்களின் வேலை தேர்ந்தெடுப்பது. பதில் பெரும்பாலும் ஆம் அல்லது இல்லை என்றுதான் வரும். இல்லை என்றால் ஏன் என்று சொல்ல அவர்களால் முடியாது. கிளெர்மோன் ஃபெரானுக்கு வருவது ஆயிரக்கணக்கான படங்கள்.

விழாக்களுக்குப் படம் அனுப்ப உதவும் ஃபிலிம்ஃப்ரீவே தளத்தில் பட்டியலாகத் தெரியும் விழாக்களில் சில, கட்டணம் கட்டிய படங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏதாவது ஒரு விருது இலச்சினை கொடுத்துவிடும். அதை போஸ்டரில் ஒட்டிக்கொள்ளலாம், படத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. எந்த ஊரில், எந்தத் தியேட்டரில் திரையிட்டார்கள் என்று தேடிப் பாருங்கள். அதற்குப் பதில் இல்லாத விழாவுக்குக் காசு அனுப்ப வேண்டாம். அந்தக் காசில் இன்னொரு ஞாயிறு புரொஜெக்டர் எடுக்கலாம்.

நாங்கள் போட்ட கணக்கு

முதல் வாரம் குழுவோடு ஒரு மாலை, தொழில்நுட்பக் குறைகள் மட்டும். அந்த ஞாயிறு ஆறு பேர். இரண்டாம் வாரம் எடிட்டர் அண்ணன், திருத்தம். மூன்றாவது ஞாயிறு வேறு நான்கு பேர், புதியவர்கள். கதை தெரியாத பத்துப் பேர் கிடைத்தும் முதல் நாளே பத்துப் பேரையும் கூப்பிடாததற்கு இதுதான் காரணம். திருத்தியது வேலை செய்கிறதா என்று பழைய ஆறு பேரால் சொல்ல முடியாது. இரண்டாவது தடவை புரொஜெக்டர் எடுக்கவில்லை, டியூஷன் அறையில் இருந்த டிவியிலேயே போட்டோம். டீ, வடை 180. எடிட்டருக்குக் கொடுத்ததும் சேர்த்து மொத்தம் 1,840 ரூபாய்.

பணம் சுத்தமாக இல்லை, ஒரே ஒரு வழிதான் முடியும் என்றால், புரொஜெக்டரையும் விட்டுவிடுங்கள். தெரியாத நான்கு பேர், ஒரு லேப்டாப், ஒரு ஸ்பீக்கர், நான்கு தாள் போதும். அதற்கும் நேரமில்லை என்றால் எடிட்டர் ஒருவர். இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் தயங்காமல் நான்கு பேரைத்தான் சொல்வேன். ஆவணப்படம் எடுத்தவர்களுக்கு மட்டும் வரிசையை மாற்றுவேன். படத்தில் வருகிறவர்களிடம் முதலில் காட்டிவிட வேண்டும், அது கருத்துக்காக இல்லை, அவர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது.

வந்த கருத்து எல்லாவற்றையும் ஏற்கவும் இல்லை. முதல் ஞாயிறு இரண்டு பேர், கதையில் வரும் பையன் எங்கே போனான், என்ன ஆனான் என்று தெளிவாகக் காட்ட வேண்டும் என்றார்கள். மூன்றாவது ஞாயிறும் ஒருவர், பையன் எப்படி இறந்தான் என்று சொல்லியிருக்கலாம் என்று எழுதினார். முதல் தடவை சொன்னது குழப்பம். அதைச் சரிசெய்தோம். இரண்டாம் தடவை சொன்னவருக்கு எல்லாமே புரிந்திருந்தது, இன்னும் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். அந்த ஆசை அவரிடம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். தாளில் இரண்டும் ஒரே மாதிரி வாக்கியமாகத்தான் தெரியும். முதல் கேள்விக்கு அவர் எழுதிய கதைச் சுருக்கத்தை வைத்துத்தான் எது எதுவென்று பிரிக்க முடிந்தது.

மூன்றாவது ஞாயிறு வந்தவர்களில் ஒருவர் பூக்கடை அக்கா. படிக்கத் தெரியும், எழுத வராது என்றார். அவரிடம் மட்டும் தனியாக உட்கார்ந்து, சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "மகன் செத்துப்போனத அந்தம்மா மனசு ஏத்துக்கல. டெய்லருக்குத் தெரியும். தெரிஞ்சே தச்சுக் குடுக்குறாரு" என்று மூன்றே வரியில் முடித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தச் சட்டைக்குக் கூலி வாங்குனாரா தம்பி?" என்று கேட்டார்.

அதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. எடுத்த ஃபுட்டேஜை அன்று இரவே தேடினேன். அந்த அம்மா பணத்தை நீட்ட, தையல்காரர் வாங்கி மேசை விரிப்புக்கு அடியில் வைக்கும் ஷாட் ஒன்று இருந்தது. நீளம் குறைக்கும்போது தூக்கிப்போட்டது. ஐந்து விநாடி. கூலி வாங்கினால்தான் அவர் நிஜமாகவே ஒரு மகனுக்குத் தைத்தார் என்று அந்த அம்மா நம்புவார். அதைத் திரும்பச் சேர்த்தோம். மறுநாள் படத்தை லாக் செய்தோம்.